பல்லூடகப் பதிப்பில் இணைப்புக் கோப்புகள்: ஒரு வரலாறு

இணைப்பு ஊடகக் கோப்பு என்பது, ஒரு பல்லூடகப் படைப்பின் உள்ளே வைக்கப்படாமல் வெளியே தனிக் கோப்பாக இருந்து, பெயராலும் இருப்பிடத்தாலும் மட்டும் அப்படைப்போடு பிணைக்கப்பட்ட படம், ஒலி, காணொளி, எழுத்துரு போன்றவற்றைக் குறிக்கும். இணையத்தில் நாம் காணும் ஊடாடும் பாடம் ஒன்று திரையில் ஒரே பொருளாகத் தோன்றினாலும், அது பெரும்பாலும் பத்து அல்லது நூறு கோப்புகளின் தொகுப்பாகும். அவற்றுள் ஒன்று பெயர் மாறினாலும் இடம் மாறினாலும் பாடத்தின் அந்தப் பகுதி பேச்சிழந்து போகும்.

தமிழ் இணையத்தின் வரலாற்றில் கோப்பு அழிந்து மறைந்த படைப்புகளும் உண்டு. கோப்பு அப்படியே இருந்தும் பிணைப்பு அறுந்ததால் பயனற்றுப் போனவையும் உண்டு. இரண்டாவது வகை இழப்பு தவிர்க்கக்கூடியது. அது எவ்வாறு நேர்ந்தது, அதற்கு என்ன தீர்வுகள் காணப்பட்டன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உள்பொதிவும் இணைப்பும்

ஊடகத்தை ஒரு படைப்பில் சேர்க்க இரண்டு வழிகள் உள்ளன. ஒலியையோ படத்தையோ முதன்மைக் கோப்பின் உள்ளேயே வைத்து மூடுவது உள்பொதிவு. வெளியே இருக்கும் கோப்பின் முகவரியை மட்டும் குறித்து வைப்பது இணைப்பு.

உள்பொதிந்த படைப்பு கட்டுச்சோறு போன்றது. எங்கு எடுத்துச் சென்றாலும் உண்ணலாம். ஆனால் சுமை அதிகம். இணைக்கப்பட்ட படைப்பு இலகுவானது. ஒரு ஒலிக்கோப்பை மட்டும் திருத்தி மாற்றலாம். ஒரே படத்தைப் பல பாடங்களில் பயன்படுத்தலாம். ஆனால் பிணைப்பைப் பராமரிக்கும் பொறுப்பு பதிப்பிப்பவரைச் சேர்கிறது.

தொடக்க காலத்தில் இணைப்பு முறையைத் தேர்ந்தெடுக்க வைத்தது கோப்பின் எடைதான். குறுவட்டுத் தரத்தில் பதிவான ஒரு நிமிட ஒலி, சுருக்கப்படாத நிலையில் ஏறக்குறைய 10 மெகாபைட் இருக்கும். தொலைபேசி வழியாக நொடிக்கு 56 கிலோபிட் வேகத்தில் இணையம் கிடைத்த நாட்களில் அதைப் பதிவிறக்கக் குறைந்தது 25 நிமிடம் தேவைப்பட்டது. எம்பி3 முறையில் சுருக்கினாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். எல்லா ஒலியையும் உள்ளே வைத்த பாடம் திறக்கவே திறக்காது. பாடத்தை முதலில் காட்டி, மாணவர் பொத்தானை அழுத்தியபின் ஒலியை வரவழைப்பதே நடைமுறைக்கு ஏற்றதாக இருந்தது.

வட்டுக் காலம்

பல்லூடகப் பாடங்கள் முதலில் பரவியது குறுவட்டு வழியாக. 1985இல் வீடியோவொர்க்ஸ் என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள் 1987இல் டைரக்டர் எனப் பெயர் மாறியது. 1992இல் உருவான மேக்ரோமீடியா நிறுவனம் அதைத் தொடர்ந்து வெளியிட்டது. படம், ஒலி, காணொளி ஆகியவற்றை நாடக நடிகர்களைப் போல ஒரு பட்டியலில் வைத்து மேடையேற்றும் முறை அதில் இருந்தது. ஒவ்வொரு நடிகரையும் உள்ளே கொண்டுவரவும் முடியும்; வெளிக் கோப்போடு இணைக்கவும் முடியும்.

குறுவட்டில் இணைப்புகள் பெரும்பாலும் அறுவதில்லை. வட்டு அச்சிடப்பட்ட பிறகு அதில் உள்ள எந்தக் கோப்பும் இடம் மாறாது. 1995இல் ஷாக்வேவ் என்ற செருகுநிரல் வந்து, டைரக்டர் படைப்புகள் உலாவிக்குள் இயங்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் தொடங்கியது. ஆசிரியரின் கணினியில் இருந்த கோப்புறை அமைப்பும் இணைய வழங்கியில் இருந்த அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் உண்டாயிற்று. பாதுகாப்புக் காரணமும் சேர்ந்துகொண்டது. இணையத்திலிருந்து வரும் ஒரு படைப்பு பயனரின் கணினியில் உள்ள எந்தக் கோப்பையும் திறந்து பார்க்க முடிந்தால் அது ஆபத்து. எனவே, கணினியில் வைத்து ஷாக்வேவ் படைப்பைச் சோதிக்கும்போது இணைப்புக் கோப்புகள் 'டிஎஸ்டபிள்யூமீடியா' என்ற குறிப்பிட்ட பெயருடைய கோப்புறைக்குள் இருக்க வேண்டும் என விதி வைக்கப்பட்டது. அந்த விதியை அறியாதவர்களுக்குப் படைப்பு ஓடும், ஒலி மட்டும் வராது.

வலையின் அடிப்படையே இணைப்பு

டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் பொதுப் பயன்பாட்டுக்குத் தந்த வலை, எழுத்தை மையமாகக் கொண்டது. 1993இல் மொசைக் உலாவியை உருவாக்கிய மார்க் ஆண்டிரீசன், பக்கத்தின் நடுவே படத்தைக் காட்டும் குறிச்சொல்லை முன்மொழிந்தார். அதிலும் படம் பக்கத்தின் உள்ளே வைக்கப்படவில்லை. படத்தின் முகவரிதான் எழுதப்பட்டது. ஆக, வலைப்பக்கத்தில் படம் என்பது தொடக்கம் முதலே இணைப்புக் கோப்புதான்.

முகவரியை எழுதுவதில் இரு முறைகள் உள்ளன. முழு முகவரி என்பது அஞ்சல் உறை மேல் எழுதுவதைப் போன்றது: வேலூர் மாவட்டம், அணைக்கட்டு வட்டம், ஒடுகத்தூர், இன்ன தெரு, இன்ன எண். சார்பு முகவரி என்பது நிற்கும் இடத்திலிருந்து வழி சொல்வதைப் போன்றது: இங்கிருந்து இரண்டாவது தெரு, இடப்பக்கம். ஊரோடு பெயர்ந்து சென்றாலும் வழி மாறாமல் இருப்பது சார்பு முகவரியின் சிறப்பு. முழுக் கோப்புறையையும் வேறு வழங்கிக்கு மாற்றினாலும் அது வேலை செய்யும். ஆனால் கோப்புறையிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து எடுத்தால் வழி தவறும்.

மூன்றாவதாக ஒரு தவறான முறையும் உண்டு. சொந்தக் கணினியின் 'டி' வட்டில் இன்ன கோப்புறை என்று எழுதிவிடுவது. எழுதியவரின் கணினியில் மட்டும் அது சரியாக ஓடும். அதனால் அவருக்குத் தவறு தெரியவே தெரியாது.

பெயரில் வரும் பிழைகள்

ஆங்கிலக் கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் உண்டு. விண்டோஸ் இயங்குதளம் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். இணைய வழங்கிகளில் பரவலாக உள்ள லினக்ஸ் இரண்டையும் வேறு வேறாகக் கொள்ளும். வீட்டில் ஓடிய பாடம் இணையத்தில் ஓடாமல் போவதற்கு இது மிகப் பழைய காரணம். பெரிய, சிறிய என்ற வேறுபாடே இல்லாத எழுத்துமுறையில் பழகிய நம் மாணவர்களுக்கு இது எளிதில் கண்ணில் படுவதில்லை.

தமிழிலேயே பெயர் வைத்தால் வேறு சிக்கல் வரும். வலை முகவரியில் தமிழ் எழுத்துகள் குறியீடுகளாக மாற்றி அனுப்பப்படுகின்றன. ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் 3 எழுத்தாக விரியும். 'ஒடுகத்தூர்' என்ற சொல் நமக்கு 6 எழுத்து. ஒருங்குறியில் 10 குறி. முகவரியில் அது 90 எழுத்தாகிறது.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. 'கொ' என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரு குறிகளாகவும் சேமிக்கலாம். ஒருங்குறி விதிப்படி இரண்டும் சமம். கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. அங்கிருந்து ஏற்றிய கோப்பை வேறு கணினியில் தட்டச்சு செய்த பெயரால் அழைத்தால், வழங்கி 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று விடை தரக்கூடும். பெயர் சரியாக இருப்பது கண்ணெதிரே தெரியும். இணைப்பு மட்டும் கிடைக்காது.

தமிழில் எழுத்துருவும் ஓர் இணைப்பே

ஆங்கிலப் பக்கத்தில் படம் வராவிட்டால் படம் மட்டும்தான் இல்லை. தமிழ்ப் பக்கத்திலோ நீண்ட காலம் எழுத்தே இணைப்புக் கோப்பாக இருந்தது. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்த் தளங்கள் பலவும் தத்தம் குறியேற்றத்தில் எழுதின. அந்த எழுத்துரு கணினியில் இல்லாதவருக்குப் பக்கம் முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது.

இதற்குத் தீர்வாக 1997இல் இயங்கு எழுத்துரு முறை வந்தது. எழுத்துருவை ஒரு கோப்பாக வழங்கியில் வைத்து, பக்கத்தோடு இணைத்துவிட்டால் உலாவியே அதை இறக்கிக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் உலாவிக்கு ஒரு வகைக் கோப்பு, நெட்ஸ்கேப் உலாவிக்கு மற்றொரு வகை என இரண்டையும் வைக்க வேண்டியிருந்தது. உரிமைப் பாதுகாப்புக்காக மைக்ரோசாஃப்ட் முறையில் எழுத்துருக் கோப்பை ஒரு குறிப்பிட்ட தள முகவரியோடு பூட்டி வைப்பார்கள். தளத்தின் பெயர் மாறினால் பூட்டு திறக்காது. சேமித்து வைத்த பக்கத்தைப் பிற்காலத்தில் வேறிடத்தில் திறந்தாலும் திறக்காது. எழுத்து முழுவதும் கோப்பில் இருக்கும், வாசிக்க இயலாது.

இதில் எழுத்துக்கு ஒரு மீட்சி உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களைத் திஸ்கி குறியேற்றத்தில் வெளியிட்டது. பின்னர் அவை ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 முறையையும் தரமாக அறிவித்தது. குறியேற்றம் தெரிந்தால் பழைய உரையை நிரல் கொண்டு மாற்றிவிடலாம். ஒலிக்கும் அசைபடத்துக்கும் அந்த வசதி இல்லை. இணைக்கப்பட்ட கோப்பு இல்லையென்றால் மாற்றுவதற்கு எதுவும் இல்லை.

தமிழ் இணையப் பாடங்கள்

1990களின் பிற்பகுதியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு ஷிஃப்மன், வாசு அரங்கநாதன் ஆகியோர் ஒலியுடன் கூடிய தமிழ்ப் பாடங்களை வலையில் வைத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உலகத் தமிழர்க்கான இணையப் பல்கலைக்கழகம் அறிவிக்கப்பட்டது. வா.செ. குழந்தைசாமி முன்னின்று உருவாக்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 பிப்ரவரி 17 அன்று தொடங்கப்பட்டது. பின்னர் இது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறியது.

மழலைக் கல்விப் பாடல்கள், கதைகள், உரையாடல்கள், தேவாரப் பாடல்களின் ஒலி, கோயில்களையும் கலைகளையும் காட்டும் பண்பாட்டுக் காட்சியகம் என இங்கே எழுத்தும் ஒலியும் காட்சியும் சேர்ந்தே வைக்கப்பட்டன. வெளிநாட்டில் வாழும் குழந்தைக்கு ழகர ஒலியை எழுத்தால் கற்பிக்க இயலாது. ஒலிக்கோப்பு அங்கே அணிகலன் அன்று, அதுதான் பாடம். இத்தகைய தளத்தில் ஒரு கோப்பின் பெயரை மாற்றுவது, அச்சு நூலிலிருந்து ஒரு தாளைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.

ஒடுகத்தூரில் ஒரு பாடம்

இங்கே ஒரு சொந்த அனுபவத்தைக் குறிப்பிடுவது பொருந்தும். ஒடுகத்தூர் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள பேரூராட்சி. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பெயர் பெற்றது. பீஞ்சமந்தை முதலிய மலைக் கிராமங்களிலிருந்து மக்கள் இறங்கி வரும் ஊர். மலையில் வாழ்பவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இவர்கள் கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசுபவர்கள். சாமை அவர்களது முதன்மையான பயிர்களுள் ஒன்று.

2008ஆம் ஆண்டு, மலைவாழ் மக்களின் வேளாண்மை குறித்து எட்டாம் வகுப்புக்கு ஒரு கணினிப் பாடம் தயாரித்தேன். ஒரு மலைக் கிராமத்தில் வயதான அம்மையார் ஒருவர் சாமை குத்தும்போது பாடிய பாட்டை நான்கு நிமிடம் பதிவு செய்தேன். வீட்டுக் கணினியில் படங்களோடு அந்த ஒலியைச் சேர்த்தேன். அழகாக ஓடியது. கோப்பை விரலியில் நகலெடுத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனேன்.

வகுப்பில் படங்கள் எல்லாம் வந்தன. ஒலிபெருக்கிச் சின்னத்தை அழுத்தினேன், ஒன்றும் கேட்கவில்லை. மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவி, "சார், பாட்டி பாடவே இல்லையே" என்றாள். கணினியில் ஒலி அட்டை பழுது என்று எண்ணிக்கொண்டேன். அக்கால விளக்கக்காட்சி மென்பொருள்கள் சிறிய ஒலித்துண்டுகளை மட்டும் உள்ளே வைத்து, பெரியவற்றை இணைப்பாகவே வைத்திருந்தன என்பது எனக்குத் தெரியாது. நான் கொண்டுபோனது பாட்டின் முகவரியை மட்டும்.

இது புரிவதற்குள் வீட்டுக் கணினி பழுதாகி, வட்டை அழித்து மறுபடியும் நிறுவியாயிற்று. பாடம்தான் விரலியில் இருக்கிறதே என்று நானே சம்மதித்தேன். அடுத்த ஆண்டு மறுபடியும் பதிவு செய்யலாம் என்று மலைக்குப் போனபோது அந்த அம்மையார் இல்லை. பாடத்தின் கோப்பு இன்றும் என்னிடம் உள்ளது. பாட்டு இருந்த இடத்தில் ஒலிபெருக்கிச் சின்னம் மட்டும் இருக்கிறது.

ஃபிளாஷின் முடிவு

பெயரும் இடமும் சரியாக இருந்தாலும், கோப்பை இயக்கும் மென்பொருள் இல்லாமல் போனால் பிணைப்பு அறும். 1996இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் வந்த மென்பொருளை மேக்ரோமீடியா வாங்கி ஃபிளாஷ் என வெளியிட்டது. 2005 இறுதியில் அது அடோபி நிறுவனத்திடம் சென்றது. எழுத்தைத் தொட்டால் ஒலிக்கும் அரிச்சுவடிகள், இழுத்துப் பொருத்தும் பயிற்சிகள், வினாடி வினாக்கள் எனக் கல்விப் படைப்புகள் பல இதில் செய்யப்பட்டன.

2010 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், தம் கைபேசிகளில் ஃபிளாஷ் இடம்பெறாததற்கான காரணங்களை வெளிப்படையாக எழுதினார். 2014 அக்டோபரில் எச்டிஎம்எல்5 தரமாக ஏற்கப்பட்டது. ஒலிக்கும் காணொளிக்கும் தனிச் செருகுநிரல் வேண்டாம் என்றாயிற்று. 2017 ஜூலையில் முடிவுத் தேதியை அடோபி அறிவித்தது. 2020 டிசம்பர் 31 அன்று ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் இயக்கியே படைப்புகளை இயங்கவிடாமல் தடுத்தது. ஷாக்வேவ் இயக்கி 2019 ஏப்ரலிலேயே நிறுத்தப்பட்டிருந்தது.

காப்பாற்றும் முயற்சிகளும் நடந்தன. ரஃபிள் என்ற கட்டற்ற மென்பொருள் பழைய ஃபிளாஷ் கோப்புகளை இன்றைய உலாவியில் இயக்குகிறது. இணைய ஆவணகம் 2020 நவம்பரில் இதைப் பயன்படுத்தி ஒரு ஃபிளாஷ் தொகுப்பைத் திறந்தது. அப்போது ஒரு செய்தி தெளிவாயிற்று. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் பொதிந்த படைப்புகள் எளிதில் உயிர்பெற்றன. ஒலியையும் படத்தையும் வெளியிலிருந்து அழைத்த படைப்புகள் பாதியில் நின்றன. வலைப்பக்கத்தில் எழுதிய முகவரிகளை ஆவணக நிரல்கள் படித்துப் பின்தொடரும். ஃபிளாஷ் கோப்பின் உள்ளே புதைந்த முகவரிகளை அவை பெரும்பாலும் காண்பதில்லை. 2018இல் தொடங்கிய ஃபிளாஷ்பாயிண்ட் என்ற திட்டம் இதற்கொரு வழி கண்டது. பயனரின் கணினியிலேயே ஒரு சிறு வழங்கியை ஓட்டி, படைப்பு கேட்கும் பழைய முகவரியிலேயே கோப்பைத் தந்தது. தளம் மறைந்திருக்கலாம், படைப்பைப் பொறுத்தவரை எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கும்.

பாடநூலில் குறியீடு

அச்சு நூலோடு ஊடகத்தை இணைப்பது இன்னும் கடினம். அச்சான முகவரியைத் திருத்த முடியாது. 2018இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டன. இவை 2017 செப்டம்பரில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் தீக்‌ஷா தளத்தோடு இணைந்தவை. குறியீட்டின் கீழ் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் இருக்கும்.

இதன் நுட்பம் எளியது. அந்த அடையாளம் எந்தக் காணொளிக் கோப்பையும் நேரடியாகச் சுட்டுவதில்லை; பாடநூலின் ஓர் இடத்தைச் சுட்டுகிறது. அந்த இடத்துக்கு இன்று எந்தக் காணொளி என்பதைத் தளம் முடிவு செய்கிறது. காணொளியை மாற்றினாலும் வழங்கியை மாற்றினாலும் நூலில் உள்ள குறியீடு பழுதாகாது. ஆய்வுக் கட்டுரைகளுக்கு வழங்கப்படும் டிஓஐ எண்ணும், விக்கிமீடியா பொதுவகத்தில் கோப்பின் பெயரை மாற்றும்போது பழைய பெயரில் விடப்படும் வழிமாற்றும் இதே கருத்தில் அமைந்தவை.

அதே பாடநூல்களில் இணையச் செயல்பாடு என்ற தலைப்பில் நேரடி முகவரிகளும் தரப்பட்டன. ஜியோஜீப்ரா, பெட் போன்ற ஊடாடும் தளங்களுக்கு அவை அழைத்துச் செல்கின்றன. நேரடி முகவரியின் ஆயுள் அடுத்தவர் தளத்தைப் பொறுத்தது. பெட் திட்டம் தன் பழைய ஜாவா, ஃபிளாஷ் படைப்புகளை எச்டிஎம்எல்5க்கு மாற்றி வருவதால் பல தப்பின. எல்லாத் தளமும் அவ்வாறு செய்வதில்லை. 2013இல் இருந்த வலைப்பக்கங்களுள் 38 விழுக்காடு 2023 அக்டோபரில் கிடைக்கவில்லை என அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டது.

கடைப்பிடிக்க வேண்டியவை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து, பாடமோ ஆவணப்படமோ தயாரிக்கும் மாணவர்களும் ஆசிரியர்களும் கொள்ளத்தக்க நடைமுறைகள்:

1. வேலை தொடங்கும் முன் ஒரே கோப்புறையை உருவாக்கி, எல்லா ஊடகத்தையும் முதலில் அதற்குள் நகலெடுத்து, அங்கிருந்தே சேர்க்க வேண்டும்.

2. கோப்புறைக்குள் சார்பு முகவரியையே பயன்படுத்த வேண்டும். வட்டின் எழுத்து முகவரியில் வரவே கூடாது.

3. கோப்புப் பெயர்களைச் சிறிய ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றால் மட்டும் அமைப்பது பாதுகாப்பானது. தமிழ்த் தலைப்பைக் கோப்பின் விவரத்தில் எழுதலாம்.

4. வெளியிட்ட பின் பெயரை மாற்றக் கூடாது. மாற்றியே ஆக வேண்டுமெனில் பழைய பெயரில் வழிமாற்று வைக்க வேண்டும்.

5. எந்தக் கோப்பு, எங்கே, யார் பதிவு செய்தது, எந்த நாள் என்ற பட்டியல் ஒன்றை எளிய உரைக் கோப்பாக அதே கோப்புறையில் வைக்க வேண்டும்.

6. சுருக்காத மூலப்பதிவைத் தனியே இரண்டு இடங்களில் காக்க வேண்டும். வலையில் வைப்பது அதன் நகல் மட்டுமே.

7. முடிந்த படைப்பை, அது உருவாகாத வேறொரு கணினியில் திறந்து, ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்க்க வேண்டும்.

இவற்றுள் ஏழாவது மிக எளியது. ஐந்து நிமிடத்தில் முடியும். 2008இல் வீட்டுக் கணினியை அழிக்கும் முன் அந்த ஐந்து நிமிடத்தை நான் செலவிட்டிருந்தால், ஜவ்வாது மலையின் சாமைப் பாட்டு ஒன்றைக் கேட்டுப் பார்க்க இப்பக்கத்தில் ஓர் இணைப்பு தந்திருப்பேன். பாட்டிகளின் பாட்டையும் ஊர்க்கதையையும் கைபேசியில் பதிவு செய்துவரும் மாணவர்கள், இன்று மாலையே அப்பதிவு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.